கையால் நிரப்பும் ரைஃபிள் தோட்டா: எது குரூப்பைச் சுருக்கும், எது காக்கை உட்காரப் பனம்பழம்?

அமெரிக்காவில் இலக்குச் சுடுதல் பழகும் தமிழ் நண்பர்கள் சிலர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். 'தோட்டா' என்றால் முழுதாக நிரப்பிய ரவுண்டு. அதன் நுனியில் இருந்து பறந்து போவது 'குண்டு'. பித்தளையில் இருப்பது 'கூடு'. உள்ளே கொட்டுவது 'மருந்து', நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் சொல்கிற அதே மருந்துதான், ஆனால் இது கரிமருந்து இல்லை, புகையில்லா மருந்து. அடியில் இருக்கும் சின்னக் கிண்ணம் பிரைமர், மருந்தைப் பற்றவைப்பது அதுதான். எந்தக் குண்டு, எந்த மருந்து, எவ்வளவு என்ற சேர்மானம் 'லோடு'. ஒரே குறியில் சுட்ட குண்டுகள் பேப்பரில் சிதறி விழுந்த பரப்பு 'குரூப்', சின்னதாக இருந்தால் நல்லது. குண்டு ஓடும் குழாய் 'பாரல்', அதன் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம் 'சேம்பர்'. நான் சுடும் தோட்டா வகை 6.5 கிரீட்மோர், அதற்கு முன் சில வருஷம் 308 வின்செஸ்டர். எண்கள் பெரும்பாலும் அந்த இரண்டையும் மனதில் வைத்துச் சொல்வதுதான்.

கடையிலேயே நல்ல மேட்ச் தோட்டா கிடைக்கிறதே, எதற்கு உட்கார்ந்து நிரப்ப வேண்டும்?

நேர்மையாகச் சொன்னால் பலருக்குத் தேவையில்லை. 2007-ல் ஹார்னடி என்ற தோட்டா கம்பெனி 6.5 கிரீட்மோரைக் கொண்டுவந்தபோதே, கடையில் வாங்குகிற தோட்டாவை வைத்தே போட்டியில் நிற்க வேண்டும் என்பதுதான் எண்ணம், அது பலித்தும்விட்டது. கையால் நிரப்புவதில் கிடைப்பது வேறு: உங்கள் சேம்பருக்கு ஏற்ற கூடு, உங்கள் பாரலுக்குப் பிடித்த குண்டு, அடுத்த பெட்டியும் இதே மாதிரி இருக்கும் என்ற நிச்சயம். 2020, 2021-ல் பிரைமர் தட்டுப்பாடு வந்தபோது கையில் சரக்கு வைத்திருந்தவர்கள் மட்டும்தான் ஒழுங்காகப் பயிற்சி செய்தார்கள். காசு மிச்சமாகும் என்று ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மிச்சமாகாது, அதே காசுக்கு அதிகமாகச் சுடுவீர்கள், அவ்வளவுதான்.

மூன்று குண்டு அரை அங்குலத்தில் விழுந்தது. லோடு கிடைத்துவிட்டது இல்லையா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

குண்டு விழும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிதறும். அந்தச் சிதறலுக்கு ஒரு உண்மையான அளவு இருக்கிறது, ஆனால் அது நம் கண்ணுக்குத் தெரியாது. மூன்று குண்டு சுடுவது என்பது பகடையை மூன்று தடவை உருட்டிவிட்டுப் பகடையின் குணத்தைச் சொல்வது மாதிரி. ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, எதையுமே மாற்றவில்லை என்று வையுங்கள். ஐந்து குண்டுக் குரூப்புகளின் சராசரி 1 அங்குலம் என்றால், தனித்தனிக் குரூப்புகள் அரை அங்குலத்தில் இருந்து ஒன்றரை அங்குலம் வரை சாதாரணமாக வரும். இது யாருடைய கருத்தும் இல்லை, கணக்கு. சிதறல் எல்லாத் திசையிலும் சீராக இருக்கும்போது ஐந்து குண்டுக் குரூப்பின் ஏற்ற இறக்கம் சராசரியில் ஏறத்தாழ 27 சதவீதம், மூன்று குண்டுக்கு 37 சதவீதம். இன்னொன்று, குண்டு கூடக் கூடக் குரூப்பும் பெரிசாகிக்கொண்டே போகும். பத்து குண்டுக் குரூப்பின் சராசரி, மூன்று குண்டுக் குரூப்பின் சராசரியைப்போல 1.6 மடங்கு. அதனால் "என் ரைஃபிள் அரை எம்.ஓ.ஏ." என்று பர்ஸில் டார்கெட் பேப்பரை மடித்து வைத்திருப்பவரிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை குண்டு என்பது. இரண்டாவது, அந்தப் பேப்பருக்கு முன்னும் பின்னும் சுட்ட பேப்பர்கள் எங்கே என்பது.

(எம்.ஓ.ஏ. என்றால் 100 கஜத்தில் 1.047 அங்குலம். 100 மீட்டரில் 2.9 செ.மீ.)

நானும் இதில் மாட்டியவன்தான். 308-க்கு ஒரு லோடு, முதல் நாள் மூன்று குண்டு ஒரே ஓட்டையில். அதே லோடில் 200 தோட்டா நிரப்பினேன். அடுத்த வாரம் ஒன்றேகால் அங்குலம். ஸ்கோப் கழன்றுவிட்டதோ என்று எல்லா ஸ்க்ரூவையும் திருகினேன், பாரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், ஸ்டாக்கை மாற்றலாமா என்றுகூட யோசித்தேன். எதுவும் கெடவில்லை, முதல் நாள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். இப்போது ஒரு லோடை நம்புவதற்கு முன் குறைந்தது 20 குண்டு, முடிந்தால் 30. ஒரே மூச்சில் சுட வேண்டியதில்லை, நான்கைந்து நாளில் சுட்டு, ஒரே நடுப்புள்ளியில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.

அப்படியானால் லேடர் டெஸ்ட், நோடு என்பதெல்லாம்?

லேடர் டெஸ்ட் என்பது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு குண்டோ இரண்டோ சுட்டு, குண்டுகள் ஒரே உயரத்தில் கூடும் இடத்தைத் தேடுவது. அந்த இடத்தைத்தான் 'நோடு' என்பார்கள். அமெரிக்காவில் கிரைட்டன் ஆடெட் என்பவர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். இப்போது பலர் க்ரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வேகத்தைப் பார்த்து, மருந்து 41.2 கிரெயினுக்கும் 41.5 கிரெயினுக்கும் நடுவில் வேகம் ஏறவே இல்லை, இதுதான் 'ஃப்ளாட் ஸ்பாட்' என்று கோடு போடுகிறார்கள்.

என் அனுபவம் இது. மருந்து கூடினால் வேகம் ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறும். ஒவ்வொரு அளவுக்கும் ஒரே குண்டு சுட்டால் அந்தக் கோட்டில் மேடு பள்ளம் தெரியத்தான் செய்யும், ஏனென்றால் ஒவ்வொரு குண்டும் தன் பாட்டுக்கு வினாடிக்குப் பத்துப் பதினைந்து அடி வேகம் கூடக் குறையப் போகிறது. அதே லேடரை அடுத்த வாரம் சுடுங்கள். ஃப்ளாட் ஸ்பாட் வேறு இடத்தில் இருக்கும். மூன்றாவது வாரம் இன்னொரு இடம். நான் மூன்று தடவை சுட்டேன், மூன்று 'நோடு' கிடைத்தது. கிளி ஜோசியத்தில்கூட கிளி எப்போதாவது அதே சீட்டை எடுக்கும்.

லேடர் டெஸ்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் ஒரு நல்ல பயன் இருக்கிறது: தோட்டா நிரப்பும் கையேட்டில் உள்ள தொடக்க அளவில் இருந்து மேலே போகும்போது உங்கள் ரைஃபிளில் அழுத்தம் எங்கே தலைகாட்டுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அதற்காகச் சுடுங்கள். மந்திர எண்ணைத் தேடிச் சுட வேண்டாம்.

மருந்தை எவ்வளவு துல்லியமாக நிறுக்க வேண்டும்?

எவ்வளவு தூரம் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1 கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம், ஒரு பவுண்டில் 7000. எச்.4350 மாதிரி குச்சி வடிவ மருந்தில் ஒரே ஒரு மணி சுமார் 0.02 கிரெயின். 6.5 கிரீட்மோரில் 0.1 கிரெயின் மாறினால் வேகம் ஐந்தாறு அடி/வினாடி மாறும்.

100 கஜத்தில் அது எதுவுமே இல்லை. வேகம் 40 அடி மாறினாலும் அங்கே உயர வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு அங்குலம்கூட வராது. 300 கஜத்தில் முக்கால் அங்குலம். 1000 கஜத்திலோ கதையே வேறு, 140 கிரெயின் குண்டு 2700 அடியில் கிளம்பினால் ஒவ்வொரு 10 அடி மாற்றத்துக்கும் சுமார் 3 அங்குலம் மேலே கீழே. படுத்தபடி சுடும் எஃப்-கிளாஸ் போட்டியில் 1000 கஜத்தில் பத்து மார்க் வளையமே 10 அங்குலம்தான், எக்ஸ் வளையம் 5. அங்கே சுடுபவர் மணி மணியாக நிறுக்கிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பிழைகள் நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடித்தான் மூலம் எடுக்கும். கூடு, பிரைமர், கழுத்துப் பிடி (கூட்டின் கழுத்து குண்டைப் பிடிக்கும் இறுக்கம்) இவற்றால் ஏற்கெனவே வேகச் சிதறல் 8 அடி இருக்கிறது, தராசால் 3 அடி வருகிறது என்றால் மொத்தம் 11 இல்லை, எட்டரைதான். அந்த 3-ஐப் பூஜ்யம் ஆக்கக் காசைக் கொட்டி ஆய்வகத் தராசு வாங்கினால் எட்டரை எட்டு ஆகும். பெரிய பிழையை முதலில் பிடியுங்கள், சின்னது தானாகவே காணாமல் போகும். இதில் இன்னும் பெரிய ஆள் காற்று. 1000 கஜத்தில் பக்கவாட்டுக் காற்றை மணிக்கு ஒரே ஒரு மைல் தப்பாகக் கணித்தால் போதும், ஏழு அங்குலம் போய்விடும்.

தராசு பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. எலக்ட்ரானிக் தராசு காற்றுக்கும் சூட்டுக்கும் அலையும். ஒரு நாள் ஏ.சி. காற்று நேராக அடிக்கிற இடத்தில் வைத்துவிட்டு, அரை மணி நேரத்தில் 0.3 கிரெயின் நகர்ந்திருந்ததைப் பார்த்தேன். அன்று நிரப்பிய அத்தனையையும் பிரித்துக் கொட்டினேன். பத்து தோட்டாவுக்கு ஒரு முறை சோதனை எடைக்கல்லை வையுங்கள்.

க்ரோனோகிராஃபில் எஸ்.டி. 5 வந்தது, சூப்பர்தானே?

எத்தனை குண்டில்? மறுபடியும் அதே கேள்விதான், மன்னிக்கவும். எஸ்.டி. என்பது திட்ட விலக்கம், வேகம் எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு. ஐந்து குண்டு சுட்டு எஸ்.டி. 10 என்று வந்தால், உண்மையான எஸ்.டி. 6-ஆகவும் இருக்கலாம், 29-ஆகவும் இருக்கலாம், 95 சதவீத நம்பிக்கையில் சொல்லக்கூடியது அவ்வளவுதான். பத்து குண்டு என்றால் 7-ல் இருந்து 18. இருபது என்றால் கிட்டத்தட்ட எட்டில் இருந்து பதினைந்து. ஆக "இந்த லோடு எஸ்.டி. 7, அந்த லோடு எஸ்.டி. 11, முதலாவதுதான் நல்லது" என்று ஐந்தைந்து குண்டை வைத்துப் பேசுவதில் அர்த்தமே இல்லை. ரேடார் க்ரோனோகிராஃப்கள் வந்த பிறகு வேகம் எடுப்பது சுலபமாகிவிட்டது, 2023-ல் கார்மினின் சின்னப் பெட்டி வந்ததும் ரேஞ்சில் எல்லார் மேஜையிலும் ஒன்று. எண் சுலபமாகக் கிடைப்பதாலேயே அதை நம்புவதும் சுலபமாகிவிட்டது.

குண்டை எவ்வளவு ஆழம் உட்கார வைப்பது? லாண்ட்ஸைத் தொட வேண்டுமா?

சேம்பரைத் தாண்டியதும் பாரலின் வரிகள் தொடங்கும் இடம்தான் லாண்ட்ஸ். குண்டு அங்கே போய்ச் சேர எவ்வளவு தூரம் தாவ வேண்டும் என்பதை ஜம்ப் என்பார்கள். அளக்கும்போது குண்டின் நுனியில் இருந்து அளக்காதீர்கள், நுனிகள் ஒழுங்காக இருக்காது. கம்பாரேட்டர் என்ற அளவுக் கருவி வைத்து வளைவில் இருந்து அளக்க வேண்டும்.

குண்டின் வடிவம் முக்கியம். பழைய பாணி டேஞ்சண்ட் வளைவுக் குண்டுகள், உதாரணத்துக்கு சியராவின் பல மேட்ச்கிங் குண்டுகள், ஜம்ப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ளாது. கூரான சீகண்ட் வளைவுள்ள வி.எல்.டி. (காற்றுத் தடை மிகக் குறைந்த) குண்டுகள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பெர்கரின் ஹைப்ரிட் குண்டுகள் இரண்டு வளைவையும் ஒன்றில் சேர்த்தவை, அதனால்தான் அவற்றைப் பலர் விரும்புகிறார்கள். சோதிக்கும்போது 0.003 அங்குலம், 0.003 அங்குலமாக நகர்த்த வேண்டாம். பெரிய பெரிய படியாக நகர்த்துங்கள், வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால் அதில் தெரியும். அதில் தெரியாவிட்டால் சின்னப் படியில் தெரிந்ததாக நினைப்பது மனப்பிராந்தி.

லாண்ட்ஸில் அழுத்தி உட்கார வைத்தால் அழுத்தம் ஏறும். 0.040 அங்குலம் தாவுகிற நிலையில் பத்திரமாக இருந்த மருந்து அளவு, தொடுகிற நிலையில் பத்திரம் இல்லை. மாற்றினால் மருந்தைக் குறைத்து மறுபடி மேலே வாருங்கள். தொட்டபடி நிரப்பிய தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்தால் குண்டு பாரலிலேயே சிக்கிக்கொண்டு மருந்து மொத்தமும் மெக்கானிசத்துக்குள் கொட்டலாம், போட்டி நடுவில் அதைச் சுத்தம் செய்கிற அழகைப் பார்த்திருக்கிறேன்.

கூட்டில் என்னென்ன செய்ய வேண்டும்?

என் பார்வையில் குண்டுக்கு அடுத்தபடி காசும் நேரமும் போக வேண்டிய இடம் இதுதான். நல்ல கூடு வாங்குங்கள். பின்லாந்தின் லாபுவா கூடு விலை அதிகம்தான், ஆனால் மலிவான கூட்டை வாங்கி நீங்கள் செய்யும் வேலையைத் தொழிற்சாலையே செய்து அனுப்பிவிடுகிறது.

அப்புறம் சைசிங், அதாவது கூட்டை மறுபடி அளவுக்குச் சுருக்குவது. சுட்ட கூடு சேம்பர் அளவுக்கு விரிந்திருக்கும். தோள்பட்டையை 0.002 அங்குலம் மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதும். டையை (கூட்டைச் சுருக்கும் அச்சு) ஷெல் ஹோல்டரில் (கூட்டின் அடியைப் பிடிக்கும் துண்டு) முட்டும் வரை இறக்கிவிட்டு ஒரு சுற்று கூட்டுவது என்று பெட்டிக்குள் இருக்கும் காகிதம் சொல்வதை அப்படியே செய்தால் பித்தளை ஒவ்வொரு முறையும் நீண்டு சுருங்கி, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே மெலிந்து, ஒரு நாள் இரண்டாகப் பிய்யும். வளைத்த பேப்பர் கிளிப்பை உள்ளே விட்டுத் தடவினால் அந்தப் பள்ளம் முன்கூட்டியே தட்டுப்படும்.

கழுத்துப் பிடி எவ்வளவு என்பதைவிட எல்லாக் கூட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இங்கேதான் அனீலிங் வருகிறது. பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம், ஒவ்வொரு தடவை சுட்டு, சுருக்கும்போதும் இறுகிக்கொண்டே போகும். கழுத்தை மட்டும் சில வினாடி சூடாக்கினால் மறுபடி இளகும். கழுத்தும் தோளும் மட்டும், அடிப்பக்கம் சூடேறவே கூடாது, அங்கே இளகினால் அழுத்தத்தைத் தாங்காது. சூடாக்குவது வெறும் கூட்டை, தோட்டாவை இல்லை. இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள், சொல்லத்தான் வேண்டும்.

கூட்டை எடை போட்டுப் பிரிப்பது, பிரைமரை எடை போடுவது, குண்டு நுனியைச் சீவுவது?

முதலாவது, நல்ல கூடு என்றால் பெரும்பாலும் வீண், எடைக்கும் உள்கொள்ளளவுக்கும் தொடர்பு தளர்வானது. இரண்டாவது, ஓய்வு பெற்ற பிறகு செய்யுங்கள். மூன்றாவது 1000 கஜக்காரர்களுக்கு.

பென்ச்ரெஸ்ட் (ரைஃபிளை மேஜையில் தாங்கி வைத்துச் சுடும் போட்டி) ஆட்கள் ஒரே ஓட்டையில் போடுகிறார்களே, அவர்கள் செய்வதை நாமும் செய்தால்?

அவர்கள் ரைஃபிள் வேறு, துப்பாக்கி மாதிரிகூட இருக்காது, ரயில் தண்டவாளத்தை மேஜையில் வைத்த மாதிரி இருக்கும். 1975 வாக்கில் லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் 220 ரஷ்யன் கூட்டில் இருந்து உருவாக்கிய 6 பி.பி.சி. தோட்டா இன்றும் அங்கே ராஜா. பலர் ரேஞ்சிலேயே தோட்டா நிரப்பும் பிரஸ்ஸை வைத்து, வெயில் ஏற ஏற மருந்தை மாற்றி, இரண்டு சுற்றுக்கு நடுவில் நிரப்புவார்கள்.

மேக் மெக்மில்லன் 1973-ல் 100 கஜத்தில் ஐந்து குண்டை 0.009 அங்குலத்தில் போட்டார், அந்தச் சாதனை 40 வருஷம் நின்றது. ஆனால் கவனியுங்கள், பென்ச்ரெஸ்ட் போட்டியில் ஜெயிப்பவரை ஒரு குரூப்பை வைத்துத் தீர்மானிப்பதில்லை. ஐந்து குண்டுக் குரூப் ஐந்தின் சராசரி, அதையும் பல தூரங்களில் சேர்த்து எடுப்பார்கள். உலகத்திலேயே சின்ன ஓட்டை போடுகிறவர்களே ஒற்றைக் குரூப்பை நம்புவதில்லை.

பத்திரம்?

மருந்து அளவைக் கையேட்டில் இருந்து மட்டும் எடுங்கள், அதன் தொடக்க அளவில் இருந்து ஆரம்பியுங்கள். நண்பன் சொன்ன அளவு நண்பன் ரைஃபிளுக்கு. 308, 6.5 கிரீட்மோர் இரண்டுக்கும் அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்திருக்கும் அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, உங்கள் முகத்தில் இருந்து ஒரு சாண் தூரத்தில். பிரைமர் தட்டையாவது, போல்ட் இறுகுவது போன்ற அறிகுறிகள் தெரியும்போது வரம்பை ஏற்கெனவே தாண்டியிருக்கலாம், அறிகுறி இல்லை என்பதால் அழுத்தமும் இல்லை என்று ஆகாது. மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. செல்போனைப் பக்கத்து அறையில் வையுங்கள். குளிர்காலத்தில் கண்டுபிடித்த உச்ச அளவை அரிசோனா வெயிலில் சுடாதீர்கள். எச்.4350, வார்கெட் போன்ற ஆஸ்திரேலியத் தயாரிப்பு மருந்துகள் வெப்பத்துக்கு அதிகம் அசைவதில்லை, ஆனால் கொஞ்சமாவது அசையும்.

ஊரில், தமிழ்நாட்டில் இதைச் செய்யலாமா?

கூடாது. 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தில் 5-ஆம் பிரிவு உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடுக்கிறது, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. அங்கே போட்டிக்குச் சுடும் பிள்ளைகளுக்கு இது தேவையும் இல்லை. 50 மீட்டர் ரைஃபிளில் ஓடும் 22 ரிம்ஃபயரை (தனிப் பிரைமர் இல்லாமல் அடி விளிம்பிலேயே பற்றும் சின்னத் தோட்டா) இப்படித் திரும்ப நிரப்ப முடியாது, அவர்கள் செய்வது லாட் டெஸ்ட்: ஒரே பிராண்டின் வெவ்வேறு லாட்களை (ஒரே தடவையில் தயாரான தொகுதிகளை) அவர்கள் பாரலில் சுட்டுப் பார்த்து, ஒத்துப்போகும் லாட்டை மொத்தமாக வாங்குவது. ஏர் ரைஃபிளில் 4.49, 4.50 என்று பெல்லட்டின் தலை அளவைச் சோதிப்பதும் அதே வகைதான். மேலே சொன்ன குரூப் கணக்கு அவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

சரி, நீங்கள் ஒரு புது லோடை எப்படிப் போடுகிறீர்கள்?

பேர்பெற்ற மேட்ச் குண்டு இரண்டு வகை, பலரும் பயன்படுத்தும் மருந்து ஒன்று, நல்ல கூடு, கைக்குக் கிடைக்கும் பிரைமர். கையேட்டின் தொடக்கத்தில் இருந்து ஏறி, எனக்குத் தேவையான வேகம் வந்ததும் நின்றுவிடுவேன், உச்சத்தைத் தொட மாட்டேன். ஜம்ப் 0.040 அங்குலம் வாக்கில். ஒவ்வொரு குண்டுக்கும் 20 தோட்டா சுட்டு ஒப்பிடுவேன். வித்தியாசம் தெளிவாக இருந்தால் நல்லதை எடுப்பேன், இல்லாவிட்டால் மலிவானதை. இரண்டுமே மோசம் என்றால் 0.3 கிரெயின் கூட்டிக் குறைத்துக் காப்பாற்றப் பார்க்க மாட்டேன், குண்டை மாற்றுவேன், அப்புறம் மருந்தை. குண்டையும் மருந்தையும் மாற்றியும் சரிவராத பாரலை லோடு எதுவும் திருத்திப் பார்த்ததில்லை.

இத்தனை குண்டு சோதனைக்கே போனால் பாரல் தேயாதா?

தேயும். 6.5 கிரீட்மோர் பாரல் துல்லியம் குறையாமல் 2000-லிருந்து 3000 குண்டு வரும், 308 அதைவிட நிறைய. லேடர், ஜம்ப் டெஸ்ட், பிரைமர் டெஸ்ட், மறுபடி லேடர் என்று 500 குண்டை 'டியூனிங்'கிலேயே கரைத்தவர்களைத் தெரியும், ஒரு காலத்தில் கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன். இப்போது சோதனைக்கு நான் ஒதுக்குவது 60 முதல் 80 குண்டு. அதற்குள் முடியவில்லை என்றால் இருப்பதில் நல்லதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் காற்று அடிக்கிற நாளாகப் பார்த்து 600 கஜத்தில் போய்ச் சுடுவேன்.